முட்டைக் கோதில் அளந்த எண்ணெய்

தேங்காயெண்ணெய் நல்லதா கூடாதா என்று போன கிழமை வகுப்பில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள். முப்பத்தொரு வருடம் உணவியலாளராக இருந்தவளிடம் வேறு என்னத்தைத்தான் கேட்பது? கலியாண வீட்டில் கேட்டிருக்கிறார்கள், செத்த வீட்டில் கேட்டிருக்கிறார்கள். பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் நான் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்க, அந்த டொக்டரும் கேட்டார். ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், மரக்கறிக் கடையில் மறித்து வைத்துக் கேட்கிறார்கள்.

பதில் பெரிய இரகசியம் இல்லை. தேங்காயில் இருப்பது பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு; அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். அந்த இடத்தில் சூரியகாந்தி எண்ணெயையோ நல்லெண்ணெயையோ வைத்தால் குறையும். அந்த இடத்தில் பிஸ்கட்டையும் சீனித் தேத்தண்ணியையும் வைத்தால் கொலஸ்ட்ரோல் ஒரு பக்கம் இறங்க, ட்ரைகிளிசரைட் என்கிற மற்ற இரத்தக் கொழுப்பு மறுபக்கத்தால் ஏறும். மீனில் சாளை, சூடை போன்ற கொழுப்பு மீன்கள் திறம். ஆனால் பேலியகொடை மீன் சந்தைக்குப் போய்ச் சாளை வாங்க எங்கள் ஆட்களுக்கு வெட்கம்; அறக்குளா வாங்கினால்தான் மரியாதை. இவ்வளவும் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் வாய் திறந்தது அதற்காக இல்லை.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயர் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சின்னவள் என்று வைத்துக்கொள்வோம். என் தொழிலில் நான் மிகவும் பெருமைப்படுவதும் அந்தப் பிள்ளையால்தான், வெட்கப்படுவதும் அந்தப் பிள்ளையால்தான். வெட்கத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் பெருமைக்காரி என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த விஷயம். நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்று விசாரிக்கும் படிவம் ஒன்றை நானே தயாரித்து வைத்திருந்தேன். நாலு பக்கம், மூன்று மொழி. காலையில் என்ன, மத்தியானம் என்ன, எந்த எண்ணெய், மாதம் எத்தனை போத்தல், தேங்காய் வாரத்துக்கு எத்தனை என்று எல்லாம் இருக்கும். வேறு ஆஸ்பத்திரிக்காரரும் வந்து அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு குடும்பத்தின் அடுப்படியை நாலு பக்கத்தில் அடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம்.

சின்னவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் மாடி வீடு. தகப்பன் காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் வேலை, தாய் ஆசிரியை. வயிற்று வலியும் வாந்தியுமாகக் கொண்டுவந்தார்கள். வயதுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை என்று அட்டையில் எழுதியிருந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கணையத்துக்கான சோதனை சாதாரணமாக இருந்தது. அப்படியென்றால் மாதவிடாய் வலி, அல்லது காஸ்ட்ரிக். இரண்டு நாள் ஒன்றும் கொடுக்காமல் சேலைன் ஏற்றினார்கள், வலி தணிந்தது. வீட்டுக்கு அனுப்புமுன் இலேசான சாப்பாட்டுப் பட்டியல் ஒன்று எழுதிக்கொடுக்கச் சொல்லி எனக்கு வந்தது.

நான் படிவத்தோடு போனேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கென்று கிருலப்பனையில் இருந்து பெரியம்மா வந்து நின்றா. தாயின் அக்கா, ஐம்பதைத் தாண்டிய, நல்ல உயரமான, சொல்லுக்குச் சொல் நிறுத்திக் கதைக்கும் பெண்மணி. காலையில் என்ன சாப்பாடு என்று கேட்டேன். இடியப்பமும் சொதியும் என்றா. எந்த எண்ணெய் என்று கேட்டேன். சூரியகாந்தி என்று பெருமையாகச் சொன்னா. நானும் பெருமையாக எழுதினேன். பொரித்தது, உறைப்பு வேண்டாம், கஞ்சி கொடுங்கள் என்று அச்சடித்த தாளில் சரி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த இரத்தச் சோதனைத் தாளின் அடியில் "மாதிரி கலங்கல்" என்று ஒரு சின்ன வரி இருந்தது. டொக்டர்மார் வாசிக்கவில்லை, தாதிமார் வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை.

ஆறாம் நாள் பிள்ளை திரும்ப வந்தது. இந்த முறை வலி முதுகுக்குப் பாய்ந்தது. படுக்க முடியாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தபடியே இருந்தாள். காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கணையச் சோதனை மறுபடியும் சாதாரணம். ஸ்கானில் குடல் காற்று மறைத்து ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. குடல்வால் வெடித்திருக்கலாம் என்று சத்திரசிகிச்சை நிபுணர் முடிவெடுத்து, பதினொரு மணிக்குத் தியேட்டர் ஒதுக்கியாயிற்று. இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் கீழே கிளினிக்கில் யாருக்கோ சூரியகாந்தியின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து மணி தாண்டி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு சிங்களப் பெண் வேலை செய்தா. அதிகம் பேசமாட்டா, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னோடுதான் இருப்பா. "மிஸ், லே கிரி வகே" என்றா. இரத்தம் பால் மாதிரி இருக்கிறது என்கிறா. வார்டுக்குத் தொலைபேசி அடித்துச் சொல்லியிருக்கிறா; அங்கே ஒரு பயிற்சி டொக்டர், சாப்பிட்ட கையோடு எடுத்த இரத்தம், மாதிரி பிழை, பிறகு வேறு அனுப்புகிறோம் என்று வைத்துவிட்டாராம். அவவுக்கு மனம் ஒப்பவில்லை. இந்தப் பிள்ளைக்கு அப்படி என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று என்னையே கேட்டா.

போய்ப் பார்த்தேன். குழாயில் சிவப்பு அடியில் இறங்கி, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் வெள்ளை வெளேரென்று நின்றது. பாற்காரன் ஊற்றிவிட்டுப் போனது போல. ட்ரைகிளிசரைட் எவ்வளவு என்று கேட்டேன். இயந்திரம் எண்ணே காட்டவில்லை, தன் அளவுக்கு மேலே என்று மட்டும் காட்டியதாம். இவ்வளவு கொழுப்பு இரத்தத்தில் மிதந்தால் கணையச் சோதனையும் பொய் சொல்லும், இருக்கிற கூடுதலை மறைத்துவிடும் என்று அவ சொன்னா. மாதிரியை நீர்க்கச் செய்து திரும்ப ஓட்டப் போகிறேன், கால் மணித்தியாலம் வேண்டும் என்றா.

அந்தக் கால் மணித்தியாலத்தில் எனக்கு ஒரு கேள்விக்கு விடை வேண்டும். சேலைனில் இரண்டு நாள் இருந்துவிட்டுக் கஞ்சிப் பட்டியலோடு வீட்டுக்குப் போன பிள்ளையின் இரத்தத்தில் இவ்வளவு கொழுப்பு எங்கிருந்து வந்தது? வார்டுக்கு ஓடினேன். பதினொரு மணிக்குச் சத்திரசிகிச்சை, தாயும் தகப்பனும் கையெழுத்துப் போடப் போயிருக்கிறார்கள் என்று தாதி சொன்னா. பெரியம்மா கட்டிலடியில் நின்றா. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். உங்கட தாளில் இருந்ததைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை என்று சாமி சத்தியம் பண்ணினா. அவ பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

தலையணை சரிந்திருந்தது. அதற்கடியில் ஒரு கொத்து வேப்பிலையும் ஒரு பாக்குவெட்டியும் கிடந்தன. தாதி கண்டிருந்தால் கத்தியிருப்பா. எனக்கு அதைக் கண்டதும் விஷயம் பிடிபட்டுவிட்டது. நானும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்தவள்தானே. பன்னிரண்டு வயதில் நான் வயதுக்கு வந்தபோது, பேய் பிசாசு அண்டாமல் என் தலைமாட்டிலும் வேப்பிலையும் இரும்பும் இருந்தன. விடியற்காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் குடித்தது இப்போதும் தொண்டையில் நிற்கிறது. பச்சை முட்டையின் தலையை உடைத்துக் குடிக்கச் செய்வார்கள். பிறகு அந்தக் கோதாலேயே நல்லெண்ணெயை அளந்து பருக்குவார்கள். இடுப்பு எலும்பு உறுதியாக வேண்டுமாம். அதற்கு மேல் உழுத்தம்மாக் களி, அதிலும் நல்லெண்ணெய் மிதக்கும்.

நான் படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

"அக்கா, காலமை எத்தினை கோது?"

பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒருத்தியாவது விஷயம் தெரிந்தவள் வந்தாளே என்று நினைத்திருப்பா.

"மூண்டு, மிஸ். பின்னேரம் இன்னும் ரெண்டு. ஆசுப்பத்திரியில கிடந்து மெலிஞ்ச பிள்ளை எல்லோ. வீட்டை வந்தாப்பிறகு கொஞ்சம் கூட்டித்தான் குடுத்தனான்."

முதல் தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபத்தில் இல்லை, விளங்கிக்கொள்ளத்தான். அவ ஆச்சரியமாக என்னைப் பார்த்தா.

"நீங்கள் சாப்பாட்டைத்தானே கேட்டனீங்கள். இது மருந்தெல்லோ."

என் நாலு பக்கமும் மூன்று மொழியும் அந்த ஒரு வசனத்தில் அடிபட்டுப் போயின. அவ பிழையாகப் பதில் சொல்லவில்லை. நான்தான் அடுப்படியை மட்டும் விசாரித்துவிட்டு, வயதுக்கு வந்த பிள்ளையை இருத்தும் அறைக்குள் நடப்பதை விசாரிக்காமல் விட்டேன். அதுவும் அந்த அறைக்குள் இருந்து வந்தவள் நான்.

மணி பத்தே முக்கால். சத்திரசிகிச்சை நிபுணர் தியேட்டருக்குள் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போடுகிற மனிதர். உணவுக்காரி ஒருத்தி வந்து கத்தி வைக்காதீர்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வழியில் நின்று யோசித்தேன். என்ன நோய் என்று நான் சொல்லப் போனால் எல்லை தாண்டியவள் ஆவேன், அவர் கேட்கவும் மாட்டார். ஆனால் பிள்ளை என்ன விழுங்கினாள் என்பதை இந்தக் கட்டிடத்தில் அறிந்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்ல எனக்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை. இந்த வேறுபாட்டை நீங்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பயம் வரும்போது நிற்பதற்கு அது நல்ல இடம்.

பரிசோதனைக் கூடத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் குழாயைக் கேட்டேன். அவ கொடுக்கவில்லை, தானே கையில் பிடித்துக்கொண்டு என்னோடு வந்தா. இருவருமாகத் தியேட்டர் வாசலில் நின்றோம். நான் சொன்னது மூன்றே வசனம். இந்தப் பிள்ளைக்கு ஆறு நாளாக, ஒரு நாளைக்கு ஐந்து முட்டைக் கோது எண்ணெய் பருக்கியிருக்கிறார்கள். அதற்கு முதலும் பருக்கியிருக்கிறார்கள். இது அவளுடைய இரத்தம். அவ குழாயை உயர்த்திக் காட்டி, நீர்க்கச் செய்து பார்த்ததில் கணையச் சோதனை பல மடங்கு ஏறி நிற்கிறது என்று சிங்களத்தில் சொன்னா.

அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. கையுறையைக் கழற்றி வாளியில் போட்டார். தியேட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, மருத்துவ நிபுணரைத் தானே தொலைபேசியில் அழைத்தார். கணைய அழற்சி. அந்த வயிற்றைத் திறந்திருந்தால் பிள்ளை மேசையிலேயே போயிருக்கலாம் என்று பிறகு ஒரு நாள் லிப்டுக்குள் என்னிடம் சொன்னார். அதோடு நன்றியும் சொன்னார். அவர் நன்றி சொன்னதை ஆஸ்பத்திரியில் ஒருவரும் நம்பவில்லை.

நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். வாயால் ஒரு சொட்டும் கிடையாது. முதல் இரவும் மறுநாளும் தப்புவாளா என்பதே சந்தேகம். வெளியே இருந்த மர வாங்கில் பெரியம்மா சாப்பிடாமல் குடிக்காமல் இருந்தா. யாரோ அவவுக்கு விளங்கப்படுத்திவிட்டார்கள். என்னைக் கண்டதும் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டா.

"நான்தானே பிள்ளைக்குப் பருக்கினனான், மிஸ்?"

அப்படி இல்லை என்று சொல்வது மிகவும் சுகம். எனக்கு வாய் வரையிலும் வந்தது. ஆனால் அந்த மனுசிக்குப் பொய் சொன்னால் நாளைக்கு என் சொல்லை அவ ஏன் நம்ப வேண்டும்?

"ஓம், நீங்கள்தான் பருக்கினீங்கள். எனக்கும் இப்பிடித்தான் பருக்கினவை, எனக்கு ஒண்டும் நடக்கேல்ல. ஊரில எல்லாப் பிள்ளையளும் குடிச்சதுதான். இந்தப் பிள்ளையின்ர உடம்பு வேற. அது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். நான் கேக்கேல்ல."

அவ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நானும் அழுதேன். உணவியலாளர் வாங்கில் இருந்து அழக்கூடாது என்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை.

பிள்ளை கண் விழித்த பிறகு மருத்துவ நிபுணர் குடும்பத்தை இருத்திச் சொன்னார். சாப்பாட்டில் வரும் கொழுப்பு குடலில் இருந்து சின்னச் சின்னத் துணிக்கைகளாக இரத்தத்துக்கு வரும். அதை உடைத்துத் துப்புரவாக்க ஒரு நொதியம் வேண்டும். இவளுக்கு அது பிறவியிலேயே வேலை செய்யவில்லை. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ, எதுவென்றாலும் தேங்கி நிற்கும். தாய் வழியாலும் தகப்பன் வழியாலும் வந்தால்தான் இது வரும் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் சொந்தமா என்று கேட்டார். சொந்தம்தான். பெரியம்மாவும் தாயுமாக அக்கா தங்கச்சி இருவரும், தாய்மாமனின் மகன்மாரான அண்ணனையும் தம்பியையும் கட்டியவர்கள். எங்கட பரம்பரையில் இப்படி ஒருவருக்கும் இல்லை என்று பெரியம்மா நிமிர்ந்து நின்று சொன்னா. தகப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தயவு செய்து வெளியில் சொல்லாதேங்கோ மிஸ், நாளைக்கு இவளை ஒருத்தன் கேட்டு வரவேணும் எல்லோ என்றார். அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் சொல்லமாட்டேன் என்றேன். சொல்வதும் சொல்லாததும் என் வேலை இல்லை.

என் வேலை சாப்பாடு. இனித்தான் என் படிப்புக்கே சோதனை வந்தது. தேங்காய்ப் பால் இல்லை, சம்பல் இல்லை, மஞ்சட் கரு இல்லை, பொரித்தது இல்லை. இறாத்தல் கணக்கில் கொழுப்பைக் குறைத்தால் போதாது, கரண்டிக் கணக்கில் எண்ண வேண்டும். சமைக்க மருந்துக் கடையில் விற்கும் நடுத்தரச் சங்கிலி எண்ணெய் என்று ஒன்று உண்டு. அது அந்தத் துணிக்கைகளாக மாறாமல் நேரே ஈரலுக்குப் போய்விடும். விலையும் கூட, தட்டுப்பாடும் கூட. தேங்காயெண்ணெயும் அதுதானாம் என்று யாரோ தகப்பனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். இல்லை, அதில் இருப்பதில் பெரும்பங்கு இவளுக்குத் துணிக்கையாகத்தான் வரும் என்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனது.

அவர் விளங்கிக்கொண்டார், அளவுக்கு மேலேயே விளங்கிக்கொண்டார். இரண்டு மாதத்தால் கிளினிக்குக்கு வந்த பிள்ளையின் கையைப் பிடித்தால் தோல் சொரசொரவென்று செதில் செதிலாக உரிந்தது. தலைமயிரும் கொட்டியிருந்தது. ட்ரைகிளிசரைட் அழகாக இறங்கியிருந்தது, அதனால் டொக்டர்மார் எல்லோரும் சந்தோஷம். நான் தாளை விட்டுப் பிள்ளையைப் பார்த்தேன். இந்த முறையாவது கேட்க வேண்டியதைக் கேட்டேன். நான் எழுதிக்கொடுத்த ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் எங்கே? எண்ணெய் என்றாலே நஞ்சு என்று தகப்பன் அதையும் வெட்டிவிட்டிருந்தார்.

உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத கொழுப்பமிலங்கள் இரண்டு உண்டு. அவை சாப்பாட்டால்தான் வர வேண்டும். கொழுப்பைத் தாங்காத இந்த உடம்புக்கும் அவை வேண்டும். கூடினால் கணையம் போகும், இல்லாமல் போனால் தோலும் வளர்த்தியும் போகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கொஞ்ச இடம்தான். ஒன்று சூரியகாந்தியில் நிறைய இருக்கிறது, மற்றது ஆளிவிதை எண்ணெயில். இரண்டையும் சேர்த்து அளந்து எழுதினேன். எழுதினால் மட்டும் போதாது, யாராவது அளக்க வேண்டும். தகப்பனிடம் கொடுத்தால் பயத்தில் குறைப்பார். தாய் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். நான் பெரியம்மாவைக் கூப்பிட்டு அளவுக் கரண்டியைக் கொடுத்தேன். என் உதவியாளருக்கு அது பிடிக்கவில்லை. பருக்கினவவிடமே கொடுக்கிறீர்களா என்று முகத்தைச் சுளித்தா. பிழையின் விலையை அறிந்த கையை விட நிதானமான கை எங்கே கிடைக்கும்? பெரியம்மா அன்றில் இருந்து கிருலப்பனையையும் கொட்டாஞ்சேனையையும் ஒன்றாக்கி, பஸ்ஸில் வந்து நின்று அளந்தா. கரண்டியின் விளிம்பைக் கத்தியால் வழித்து அளந்தா. ஒரு மாதத்தில் பிள்ளையின் தோல் பட்டாகிவிட்டது.

பிள்ளை வயதுக்கு வந்ததற்குச் செய்யும் சாமத்தியச் சடங்கைத் தள்ளிப்போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளை தேறியதும் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. கனடாவில் இருந்தும் சொந்தக்காரர் வந்திருந்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. நான் யார் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. தாயோடு படிப்பிக்கும் ஆசிரியை என்று அறிமுகப்படுத்தினார்கள். சரி, அதுவும் மரியாதையான தொழில்தானே.

ஆரத்தி முடிந்து பலகாரத் தட்டு வந்தது. கனடாவில் இருந்து வந்த ஒரு மாமி பயித்தம் பணியாரத்தை எடுத்துச் சின்னவளின் வாயருகே கொண்டுபோனா. எண்ணெயில் பொரித்தது. சின்னவள் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். மாமி விடவில்லை. சடங்குப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, சகுனம் சரியில்லை என்றா. பின் வரிசையில் ஒருத்தி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மெலிவுதான் பைத்தியம் என்று சொல்லிச் சிரித்தா. படமெடுப்பவர் காத்துக்கொண்டு நின்றார். தகப்பனுக்கு வேர்த்துவிட்டது. அவர் குனிந்து, ஒரு கடி கடித்துவிட்டு வை அம்மா, எல்லாரும் பார்க்கினம் என்று மெதுவாகச் சொன்னார்.

ஒரு கடியால் பெரிதாக ஒன்றும் வந்துவிடாது. ஆனால் இன்றைக்கு ஒரு கடி என்றால், இனி ஒவ்வொரு கலியாணத்திலும் ஒரு கடி. நான் கதிரையில் இருந்து பாதி எழும்பிவிட்டேன். எழும்பி என்ன சொல்வது? வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சின்னவள் மாமியின் கையை மெல்ல விலக்கினாள். பட்டுச் சேலையும் நகையுமாக, மணவறையில் இருந்தபடி, எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னாள்.

"ஏலாது அப்பா. என்ர இரத்தம் எண்ணெயைத் தாங்காது. எனக்குப் பிறவியிலேயே அப்பிடித்தான். அதாலதான் நான் ஆசுப்பத்திரியில கிடந்தனான். கீழ இருக்கிற அந்த மிஸ்தான் எனக்குச் சாப்பாடு எழுதித் தாறவ."

மாமி பணியாரத்தைத் திரும்பத் தட்டில் வைத்தா. தகப்பன் தலையைக் குனிந்தார். மூன்று மாதமாகச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்ததைப் பிள்ளை அவ்வளவு பேருக்கும் விரித்துக் காட்டிவிட்டாள். எனக்கு அவளை எழுந்து போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அப்படிப்பட்ட பெருமை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மணவறைக்குப் பக்கத்தில் நின்ற பெரியம்மா விறுவிறென்று இறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டா. குடும்ப மானம் போய்விட்டது என்று அவவும் ஒதுங்குகிறா என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வரும்போது ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தா. இருபத்தெட்டு வயது இருக்கும். மெலிந்த உடம்பு, வயிறு சற்று மேடிட்டிருந்தது. நேரே என் கதிரைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினா.

"இவ என்ர மகள், மிஸ். சாமத்தியப்பட்ட நேரம் இவவுக்கும் நான்தான் பருக்கினனான். அப்ப ஒரு கிழமை வயித்துக்குத்து. அதுக்குப் பிறகு எண்ணெய்ச் சாப்பாட்டைக் கண்டாலே ஓடுவா. நாங்கள் காஸ்ட்ரிக் எண்டு விட்டிட்டம். இப்ப நாலு மாசம். பிள்ளைக்குச் சத்து வேணும் எண்டு புருசன் வீட்டில நல்லாக் குடுக்கினமாம். முந்தநாள் தொடக்கம் திரும்பக் குத்துதாம்." மகளின் கையை அவ விடவே இல்லை. "நாளைக்குக் காலமை கூட்டிக்கொண்டு வரட்டோ?"

கர்ப்ப காலத்தில் இரத்தக் கொழுப்பு தானாகவே ஏறும். இந்த நோய் உள்ளவளுக்கு அது ஏறினால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். அது எனக்குத் தெரியும், அந்த மண்டபத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

"நாளைக்கு வேண்டாம் அக்கா. இப்ப போவம்."

காலி வீதியில் ஓட்டோ பிடித்தோம். சடங்கு வீட்டுச் சேலையோடேயே மகள் சோதனைக்கு இரத்தம் கொடுத்தா. குழாய் நின்று தெளிந்தபோது அதே வெள்ளை. கணையமும் வீங்கத் தொடங்கியிருந்தது, ஆனால் அது தொடக்கம்தான். மருத்துவ நிபுணர் வீட்டில் இருந்து வந்தார். ஐந்து மாதம் கரண்டிக் கணக்கில் காப்பாற்றினோம். சரியாகச் சொன்னால் பெரியம்மா காப்பாற்றினா. பெண்பிள்ளை சுகமாகப் பிறந்தது, தாயும் சுகம். அதெல்லாம் பிறகு நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வார்டில் சேர்க்கும்போது தாதி ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினா. நோயாளியை அனுப்பியவர் யார் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். வழக்கமாக அதில் டொக்டரின் பெயர் வரும். நான் கொண்டுவரும் ஆட்களுக்கு என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுவேன். அன்றைக்குப் பேனையைத் திறந்து சின்னவளின் முழுப் பெயரையும் எழுதினேன். தாதி வாசித்துப் பார்த்துவிட்டு, இந்த டொக்டரைத் தெரியாதே, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டா. டொக்டர் இல்லை, பன்னிரண்டு வயசு என்றேன்.